அயோடின் மருந்து: யாருக்கு, எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பீட்டாடின் என்று பெயர் சொல்லிப் பலரும் வாங்கும் பொவிடோன் அயோடின் நல்ல கிருமிநாசினி என்பதில் ஐயமில்லை. ஆனால் அது காயம் ஆறும்வரை வேளைக்கு வேளை ஊற்ற வேண்டிய மருந்தல்ல என்பதைக் கடைக்காரரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

மண்ணும் ரத்தமும் ஒட்டிய புண்ணில் நேராக ஊற்றினால் அந்த அழுக்கே அயோடினின் வீரியத்தைக் குறைத்துவிடும் என்பதால், முதலில் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். நாய்க்கடியானால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிய பிறகே இதைத் தடவ வேண்டும். தடுப்பூசிக்கு இது ஈடாகாது. தடவியதை ஓரிரு நிமிடம் உலரவிட்டுக் கட்டுப் போட வேண்டுமே தவிர, சொட்டச் சொட்ட நனைத்த பஞ்சை வைத்து இறுக்கிக் கட்டினால் தோல் வெந்து போவதுண்டு. புண் சுத்தமாகிச் சிவந்த புதுச்சதை தெரியத் தொடங்கிய பின்னும் விடாமல் ஊற்றினால் ஆறுவதுதான் தாமதப்படும்.

இன்னொன்று, அதே பழுப்பு நிறத்தில் 7.5 சதவீத ஸ்க்ரப் என்ற நுரைக்கும் திரவமும் விற்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன் கைகழுவப் பயன்படும் அதைத் திறந்த புண்ணில் ஊற்றக் கூடாது. காயத்துக்கு உரியது 10 அல்லது 5 சதவீதக் கரைசல், அல்லது களிம்பு.

பெரிய தீப்புண், நாள்பட்ட புண் இவற்றின் வழியே அயோடின் ரத்தத்தில் கலக்கும். தைராய்டு கோளாறோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது. பச்சிளங்குழந்தைக்குத் தைராய்டு சுரப்பே குறைந்துபோக வாய்ப்புண்டு. தொப்புள்கொடிக்குப் பாட்டிமார் கைப்பக்குவமாக இதை வைப்பதையும் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

இவை புட்டியிலோ உள்ளே வைக்கும் தாளிலோ பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. மருந்தாளுநர்கள் புட்டியை நீட்டும்முன் 'யாருக்கு, எந்தப் புண்ணுக்கு?' என்று கேட்பதும், எச்சரிக்கையைத் தமிழிலும் அச்சிட மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வலியுறுத்துவதும் அதிகச் செலவில்லாத காரியங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
தஞ்சாவூர்.