ஓலை வார்ந்து தந்த கைகளுக்கு

அன்பான அன்ரிமாருக்கும் அண்ணைமாருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும்,

நீங்களும் எங்கள் கம்பஸ் பிள்ளைகளும் சேர்ந்து பனையோலை வேலையோடு அமைத்த சனசமூக நிலையத்துச் சிறுவர் வாசிப்பு அறை போன கிழமை திறந்தாயிற்று. அன்றைக்கு மைக்கைக் கையில் தந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நாலு வசனத்தோடு இறங்கிவிட்டேன். சொல்லாமல் விட்டதை ஆறுதலாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெட்டி இழைக்கும் அன்ரிமார் ஐந்து பேருக்கும். போன வருசம் தைப்பொங்கல் கழிந்து உங்கள் விறாந்தையில் நாங்கள் வந்து நின்றபோது, "கம்பஸிலை படிக்கிற பிள்ளையளுக்கு நாங்கள் என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது ரீச்சர்?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. ஒரு மாதத்தில் அந்தப் பதிலை நீங்களே காட்டித் தந்தீர்கள்.

கடகம் என்கிற பனையோலைக் கூடையின் அடி சதுரம், வாய் வட்டம். பிறந்த நாள் தொட்டு வீட்டில் பார்த்த பொருள்தான், ஆனால் அது ஏன் அப்படி என்று நான் யோசித்ததே இல்லை. கிளிநொச்சியிலிருந்து பஸ் ஏறி வந்த பொறியியல் மாணவி ஒருத்திதான் கேட்டாள்: "அன்ரி, எந்த இடத்திலை சதுரம் வட்டமாகுது?" அன்ரி உடனே வாய் திறக்கவில்லை. அவளுடைய பெருவிரலைப் பிடித்து நாலாவது மூலையில் வைத்து, இரண்டு ஓலையை மாறிப் போட்டு இறுக்கினார். "இஞ்சை. இதுக்கு மேலை போகப் போக மூலை கரைஞ்சிடும்." அவள் அன்றிரவு கொப்பியில் போட்ட கணக்கை அடுத்த நாள் எல்லோருக்கும் காட்டினாள். சுற்றி வரும் ஓலைகளின் எண்ணிக்கை கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆகவே அடியின் நாலு பக்கத்தையும் கூட்டினால் வாயின் சுற்றளவு ஏறத்தாழ வந்துவிடும். ஆனால் ஒரே சுற்றளவில் சதுரத்தை விட வட்டமே கூடிய இடத்தை வளைக்கும். அள்ளிக் கொட்டுவதற்கு வாய் அகலமாக இருப்பது அதனால்தான். சித்திரம் படிக்கும் பிள்ளைகள் அந்தக் கொப்பியைச் சுற்றி நின்றார்கள். கணக்கைக் கண்டால் ஓடுகிறவர்கள் அவர்கள். அந்தக் காட்சிக்காகவே ஒரு வருசம் அலைந்திருக்கலாம்.

1919இல் ஜெர்மனியின் வைமார் நகரில் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புக் கல்லூரியில் பட்டறைக்கு இரண்டு ஆசான்கள் இருந்தார்கள். வடிவம் படிப்பிக்கப் பெரும்பாலும் ஒரு ஓவியர், தொழில் படிப்பிக்க ஒரு கைவினைஞர். ஆனால் கைவினைஞருக்கு ஆசான்கள் சபையில் ஓவியரோடு சம உரிமை இருக்கவில்லை. இதை நான் பல வருசமாக வகுப்பில் குறை சொல்லிப் படிப்பித்திருக்கிறேன். அப்படிப் படிப்பித்துக்கொண்டே நாங்களும் என்ன செய்துவந்தோம்? ஓலை வேலை தெரிந்த ஒரு அம்மாவைக் கூப்பிட்டு, ஒரு மணித்தியாலம் செய்து காட்டச் சொல்லி, ஒரு பொன்னாடை, ஒரு தேத்தண்ணி, ஒரு குறூப் போட்டோ. இந்த முறை அப்படி இருக்கக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக நின்றேன். வருகை விரிவுரையாளருக்குக் கொடுக்கும் அதே மணித்தியாலக் கொடுப்பனவு அன்ரிமாருக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்டோம். ஒரு அலுவலகத்தில் அவர்களுடைய கல்வித் தகைமைச் சான்றிதழ்களைக் கேட்டார்கள். நாற்பது வருசமாக இழைத்த கைக்கு என்ன சான்றிதழ் கொடுப்பது? நாலு மாதம் கடிதம் கடிதமாக எழுதியும் அசையவில்லை. கடைசியில் ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் பழைய மாணவர்கள் அந்தக் காசை அனுப்பினார்கள். தங்கள் பெயரை எங்கும் போட வேண்டாம் என்றும் சொன்னார்கள். பெயர் போடவில்லை, நன்றியை மட்டும் போடுகிறேன்.

மாரி வந்தபோது எங்களுக்கு ஒரு பெரிய அடி. பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியின் கூம்பு வடிவத்தில் இழைத்த விளக்குக் கூடுகள் பன்னிரண்டிலும் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. குருத்தோலையை இன்னும் நாலு வெயில் காய விடுங்கோ என்று அன்ரிமார் சொல்லியிருந்தார்கள். கண்காட்சித் திகதியைப் பார்த்து அவசரப்பட்டது நான்தான். ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெயில் எறித்ததும் வந்து, புது ஓலை வார்ந்து, முதலிலிருந்து தொடங்கினார்கள். அந்தப் பெருந்தன்மைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

வல்வெட்டித்துறையிலிருந்து வந்த பட்டம் கட்டும் அண்ணைக்கு அடுத்த நன்றி. தகரக் கூரையின் வெக்கை இறங்காமல் இருக்க, இழைத்த ஓலைத் தட்டிகளைக் கீழே தொங்கவிட்டோம். காற்று அடிக்கிற நேரமெல்லாம் அவை ஒருபக்கம் சரிந்தன. பிள்ளைகள் கம்பியும் ஆணியும் யோசித்துக்கொண்டிருக்க, அண்ணை அண்ணாந்து பார்த்துவிட்டு, "முச்சை பிழை" என்றார். பட்டத்தைத் தாங்கும் நூல்கட்டைத்தான் முச்சை என்பது. கொக்குப் பட்டத்துக்குக் கட்டுகிற மாதிரி மூன்று நூலை அளந்து, ஒரு முடிச்சில் சேர்த்து, விரல் நுனியில் தூக்கிப் பார்த்து, முடிச்சை அரை அங்குலம் நகர்த்தினார். தட்டி மட்டமாக நின்றது. பிறகு பொறியியல் பிள்ளைகளை இருத்தி, பாரம் எந்தப் புள்ளியில் கூடுகிறது என்று தன் பாசையில் விளங்கப்படுத்தினார். அவர்கள் தங்கள் பாசையில் எழுதிக்கொண்டார்கள்.

வள்ளம் கட்டும் குருநகர் ஓடாவி ஐயாவுக்கும் நன்றி. வள்ளத்தின் விலா எலும்பு மாதிரி இருக்கும் வங்குக்கால் போல வளைத்து அவர் செய்து தந்த புத்தக ராக்கையில் இப்போது சின்னப் பிள்ளைகள் ஏறி இருக்கிறார்கள். ஒன்றும் அசையவில்லை. ஓலைக்கட்டுகளைக் காசு வாங்காமல் லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றி இறக்கிய தம்பிக்கும், மத்தியானச் சாப்பாட்டை ஒரு நாளும் பிந்தவிடாத மாதர் சங்கத்துக்கும் நன்றி.

நிலையத்துத் தலைவர் ஐயாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பின்னேரம் ஓலை வார்ந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்கு அவர் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றிச் சொன்னார். 1981இல் அது எரிந்தபோது 97,000 வரையான நூல்கள் போனதையும், அவற்றோடு ஏட்டுச் சுவடிகள் போனதையும் சொன்னார். பத்து வயதுப் பெடியன் ஒருவன் தன் கையில் இருந்த ஓலையைப் பார்த்து, "இதிலையோ எழுதினவை?" என்று கேட்டான். ஐயா ஒரு துண்டை நறுக்கி, ஊசியால் அவனுடைய பெயரைக் கீறி, கரி பூசித் துடைத்துக் கொடுத்தார். எழுத்துக் கறுப்பாக எழும்பி வந்தது. அடுத்த நாள் இருபது பிள்ளைகள் ஊசியோடு வந்து நின்றார்கள். நாங்கள் போட்ட பாடத்திட்டத்தில் இல்லாத வகுப்பு அது. ஐயா, அதை இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் நடத்துகிறீர்கள். உங்கள் முழங்கால் வருத்தத்தோடு படி ஏறி வருவது எனக்குத் தெரியும்.

வாசலில் போட்ட பலகையில் ஆசிரியர்கள் என்ற தலைப்பின் கீழ் உங்கள் எல்லோருடைய பெயரும் அகர வரிசையில் இருக்கிறது. என் பெயர் உங்கள் நடுவில் இருப்பது எனக்குப் பெருமை.

அன்ரி, மாதிரிக்கு என்று வாங்கிய உங்கள் கடகம் இரண்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் சித்திர ரீச்சர்