இருபத்திரண்டு கஜத்துக்குப் பிழை எவ்வளவு? கிரிக்கெட் நிர்வாகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிரிக்கெட் நிர்வாகப் பொறுப்பாளர்களுக்கும், ஆட்டங்களை எங்கள் திரைக்குக் கொண்டுவரும் ஒளிபரப்பாளர்களுக்கும்,

வணக்கம். நான் திருவல்லிக்கேணியில், சேப்பாக்கம் மைதானத்தின் ஆரவாரம் மொட்டைமாடிக்குக் கேட்கும் தூரத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன். சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு எங்கள் தெருமுனை டீக்கடையில் ஓர் எல்பிடபிள்யூ முடிவை (ஸ்டம்பில் பட்டிருக்கும் பந்தை மட்டையாளரின் கால் தடுத்தது என்று அவுட் கொடுப்பதை) பற்றிய பேச்சு வாக்குவாதமாகி, வாக்குவாதம் கைகலப்பாகி, இரண்டு கண்ணாடி டம்ளர்கள் உடைந்தன. பல ஆண்டுகளாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த இருவர் அன்றிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எந்த ஆட்டம், எந்த முடிவு என்று நான் எழுதத் தேவையில்லை. இப்படி ஒரு முடிவு வராத வாரமே இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

அந்த இருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார். மற்றவர் வங்கியில் வேலை பார்க்கிறார். மழைக்காக ஆட்டம் நின்றுவிட்டால் இவர்களுடைய பேச்சு மேகத்தைத் தாண்டி மேலே போய்விடும். ஆட்டோக்காரருக்கு வேற்றுக்கிரகவாசிகள் மீது அசைக்க முடியாத நம்பிக்கை. 1954ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் நடந்த கால்பந்து ஆட்டத்தில்தான் அவர் எப்போதும் தொடங்குவார். பியோரென்டினாவின் மாற்று அணியும் பிஸ்டோயீசே அணியும் ஆடிக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ 10,000 பேர் பந்தை மறந்து வானத்தை அண்ணாந்து பார்க்க, பறக்கும் தட்டு என்ற கூச்சலில் ஆட்டமே நின்றது. வெள்ளை நூல்போல் ஏதோ வானத்திலிருந்து உதிரவும் செய்தது. "பத்தாயிரம் பேருக்கும் ஒரே நேரத்துல கண்ணு கெட்டுப்போச்சா, சார்?" என்று அவர் கேட்பார். அது காற்றில் மிதந்து இடம்பெயரும் சிலந்திகளின் நூல் என்பார் வங்கிக்காரர். அந்த நூலைப் பிளாரன்ஸ் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது போரானும் சிலிக்கானும் கால்சியமும் மக்னீசியமும் இருந்தனவாமே, சிலந்தி எப்போது கண்ணாடித் தொழிற்சாலை வைத்தது என்று ஆட்டோக்காரர் மடக்குவார். டீ ஆறும்வரை இப்படி மோதிக்கொண்டு, கடைசியில் இவர் குடித்த டீக்கு அவர் காசு கொடுத்துவிட்டு எழுந்து போவார்கள். வேற்றுக்கிரகவாசிகளால் பிரிக்க முடியாத இந்த நட்பை ஓர் எல்பிடபிள்யூ பிரித்துவிட்டது.

ஏன் என்று நான் யோசித்துப் பார்த்தேன். பிளாரன்ஸில் யாரோ குனிந்து அந்த நூலைப் பொறுக்கி ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார்கள். சண்டை போடுவதற்கு நடுவில் ஒரு பொருள் இருந்தது. எங்கள் எல்பிடபிள்யூ சண்டையில் அப்படிப் பொறுக்கி எடுக்க எதுவுமே இல்லை. திரையில் சில நொடிகள் ஓடி மறைந்த ஒரு படம் மட்டுமே இருந்தது.

அன்று டம்ளர்த் துண்டுகளைக் கடைக்காரர் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தபோது, பிளஸ் டூ படிக்கும் பையன் ஒருவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். 2025 ஏப்ரலில் கே2-18பி என்ற கோளைப் பற்றிச் செய்தி வந்த நாளில் அவனுக்கு நான்தான் அதை விளக்கிச் சொல்லியிருந்தேன். நம் நாட்டில் படித்த நிக்கு மதுசூதனன் தலைமையிலான கேம்பிரிட்ஜ் குழு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைக் கொண்டு, பூமியில் பெரும்பாலும் கடல் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் டைமெத்தில் சல்பைடின் தடயம் அந்தக் கோளின் காற்றில் தெரிவதாக அறிவித்தது. அறிவித்த கையோடு, தங்கள் முடிவு மூன்று சிக்மா அளவிலானது, அதாவது தற்செயலாகவே இப்படி அமைந்துவிட ஏறத்தாழ 0.3 விழுக்காடு வாய்ப்பு உண்டு, கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து சிக்மா வேண்டும் என்றும் அவர்களே சொன்னார்கள். பிற குழுக்கள் அதே தரவை எடுத்து மீண்டும் கணக்கிட்டு, சான்று போதாது என்று எழுதின. இத்தனையையும் நினைவில் வைத்திருந்த பையன் என்னிடம் கேட்டது இதுதான்: "ஐயா, 124 ஒளியாண்டு தள்ளி இருக்கறதுக்குப் பிழை எவ்வளவுன்னு சொல்றாங்க. 22 கஜம் தள்ளி, பிட்ச்சோட மறுமுனையில இருக்கறதுக்கு ஏன் சொல்ல மாட்டேங்கறாங்க?"

பிழை எழுதாத செய்முறைப் பதிவேட்டில் நான் வேலையில் இருந்த காலம் முழுவதும் ஒருமுறைகூடக் கையெழுத்திட்டதில்லை. அளவுகோலால் அளந்தாலும் திருகு அளவியால் அளந்தாலும் கூட்டல்-கழித்தல் எவ்வளவு என்று எழுதிக்கொண்டு வா என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவன் நான். அன்றிரவு அந்தப் பையனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அதைவிடப் பெரிய சங்கடம் ஓர் ஆசிரியனுக்கு வேறில்லை என்பதைத் தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்.

ஆனாலும் முயன்றேன். கடைச் சுவரில் தொங்கிய நாள்காட்டியிலிருந்து கிழித்துப்போட்ட தாளின் பின்புறத்தில் மூன்று கோடுகள் போட்டேன். ஸ்டம்புகளின் மொத்த அகலம் 22.86 சென்டிமீட்டர், பந்தின் விட்டம் ஏறத்தாழ 7.2 சென்டிமீட்டர். நடுவரின் முடிவை மறுபரிசீலிக்கும்போது திரையில் காட்டும் படத்தில், கால்காப்பில் படும்வரை பந்து போன வழி கேமராக்கள் கண்டது. அதற்கு மேல் போயிருக்கக்கூடிய வழி கணக்கிட்டு ஊகித்தது. பந்தில் பாதிக்கும் குறைவான பகுதியே ஸ்டம்பில் படும் என்று கணக்கு வந்தால், களத்தில் நின்ற நடுவர் சொன்னதே நிற்கும். 'அம்பயர்ஸ் கால்' என்ற இந்த விதியைக் கேலி செய்யாதவர் எங்கள் பெஞ்சில் இல்லை. எனக்கோ இந்த முறை முழுவதிலும் நேர்மையான பகுதி அது ஒன்றுதான் என்று படுகிறது. எனக்கு உறுதியாகத் தெரியவில்லை என்று கருவி ஒப்புக்கொள்ளும் இடம் அது. அதைத்தான் உங்கள் திரை மறைக்கிறது. ஊகித்த பாதையையும் கத்தி முனையால் கீறியதுபோல் வரைந்துவிட்டு, அதன்மேல் மட்டும் 'அம்பயர்ஸ் கால்' என்று எழுதினால், பந்து ஸ்டம்பில் படுவது கண்ணுக்குத் தெரிகிறதே, பிறகு ஏன் அவுட் இல்லை என்று எவன்தான் கேட்கமாட்டான்?

2024 பிப்ரவரியில் ராஜ்கோட் டெஸ்ட் முடிந்ததும் இங்கிலாந்து அணித் தலைவர் பென் ஸ்டோக்ஸ் பொதுவெளியில் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். ஸாக் கிராலியின் எல்பிடபிள்யூவில் பந்து ஸ்டம்பை விட்டு விலகிப் போவதுபோல் படம் காட்டியும் அவர் அவுட்டாகவே நின்றார். விளக்கம் கேட்டபோது, எண்கள் சரிதான், படம்தான் தவறு என்ற பதில் வந்ததாக ஸ்டோக்ஸ் கூறினார். அப்படியே இருக்கட்டும். அந்த எண்களை எங்களுக்கும் காட்டியிருந்தால் அன்றைய பேச்சு அன்றே முடிந்திருக்குமே!

சந்தேகப்படுவது ரசிகர்களின் வியாதி என்று உங்களில் சிலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். 2000இல் டெல்லிக் காவல்துறை ஒட்டுக்கேட்ட சூதாட்டத் தரகரின் தொலைபேசி உரையாடலில் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணித் தலைவர் ஹன்சி குரோனியேவின் குரல் இருந்தது. 2013இன் சூதாட்ட விவகாரத்தில் எங்கள் ஊர் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியே 2016, 2017 ஆகிய இரண்டு பருவங்கள் விலக்கி வைக்கப்பட்டது. இந்த வியாதி எங்களுக்குப் பிறவியில் வந்ததன்று, ஐயா. அதற்காக எல்லாச் சந்தேகமும் நியாயம் என்று நான் வாதாட வரவில்லை. 2011 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கூட்டத்தின் இரைச்சலில் இலங்கை அணித் தலைவர் சங்ககாரா சொன்னது காதில் விழாமல் டாஸ் இருமுறை போடப்பட்டது. அந்த ஆட்டமே விற்கப்பட்டது என்று 2020இல் இலங்கையின் முன்னாள் விளையாட்டுத்துறை அமைச்சர் ஒருவர் சொல்ல, காவல்துறை சங்ககாரா வரை அழைத்து விசாரித்து, சான்று இல்லை என்று சில வாரங்களில் கைவிட்டது. எங்கள் பெஞ்சில் அதை இன்னும் யாரும் கைவிடவில்லை. பறக்கும் தட்டுக்குச் சான்று கேட்கும் அதே வங்கிக்காரர், இதற்கு மட்டும் "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று கேட்கிறார். அவரிடம் வாதாட என் கையிலும் ஒரு தாள் வேண்டாமா?

சந்தேகத்தில் எங்களுக்கு முன்னோடி நம் இந்தியக் கிரிக்கெட் வாரியமே என்பதையும் பணிவோடு நினைவூட்டுகிறேன். நடுவர் முடிவு மறுபரிசீலனை முறையை 2008இல் இலங்கையில் சோதித்துப் பார்த்தபின், பந்தின் பாதையைக் கணிக்கும் கருவி முழு நம்பிக்கைக்கு உரியதன்று என்று இருதரப்புத் தொடர்களில் நெடுங்காலம் ஏற்க மறுத்து, 2016இல் இங்கிலாந்துத் தொடரின்போதுதான் வாரியம் இறங்கி வந்தது. அதற்கும் முன்னால் கருவிகளை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பொறியாளர்களைக் கொண்டு சோதிக்க வேண்டியிருந்தது. அன்று வாரியம் கேட்ட கேள்வியைத்தான் இன்று பிளஸ் டூ பையன் கேட்கிறான். வாரியம் கேட்டால் எச்சரிக்கை, ரசிகன் கேட்டால் வதந்தியா?

ஓவருக்கு ஓவர் பான் மசாலா விளம்பரம் காட்ட உங்களுக்கு நேரம் இருக்கிறது. விக்கெட் விழுந்த நொடியில் திரையைச் சுருக்கி மூலையில் ஒரு சிமென்ட் மூட்டையைக் கொண்டுவந்து நிறுத்த இடம் இருக்கிறது. நுழைவுச்சீட்டுக்காகக் கணினி முன் காலையிலிருந்து காத்திருப்பவனுக்கு, விற்றுத் தீர்ந்தது என்று சொல்லும் தொழில்நுட்பமும் தடங்கலின்றி இயங்குகிறது. பிழை எல்லையைக் காட்ட மட்டும் திரையில் இடமில்லை. பேச்சு திசைமாறிவிட்டது, மன்னிக்கவும். மூன்றாம் நடுவர் பேசுவதை நாங்கள் கேட்கும்படி செய்திருக்கிறீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. அந்த வழியில் இன்னும் இரண்டடி எடுத்து வைக்க வேண்டுகிறேன்.

திரையில் ஊகப் பாதையை ஒற்றைக் கோடாக வரையாமல், எந்த அளவுக்கு அது தவறக்கூடுமோ அந்த அகலத்தோடு பட்டையாக வரைந்து காட்டுங்கள். ஆட்டம் முடிந்தபின், மறுபரிசீலனைக்குப் போன ஒவ்வொரு பந்தின் அளவீடுகளையும், பிழை எவ்வளவு என்ற குறிப்போடு, யாரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிடுங்கள். முடிவை மாற்றச் சொல்லவில்லை. நடுவரைக் குறை சொல்லவும் இல்லை. பொறுக்கி எடுத்துச் சோதிக்க எங்களுக்கும் அந்த நூலைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நாள்காட்டித் தாளில் நான் வரைந்த படத்தைப் பையன் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். மறுநாள் அதைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, ஊகப் பாதையின் ஓரத்தில் பென்சிலால் கூட்டல்-கழித்தல் குறியிட்டு, பக்கத்தில் எண்ணுக்கு இடம் விட்டிருந்தான். அடுத்த பருவம் தொடங்குமுன் அந்த இடத்தை நிரப்பித் தருமாறு மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
திருவல்லிக்கேணி.