கோலாவுக்குத் தடுப்பூசி ஏன் அவசியம்?

ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியாவில் யூகலிப்டஸ் இலையைத் தின்று வாழும் கோலா விலங்குகளுக்கு, கிளமிடியா என்ற பாக்டீரியா நோயைத் தடுக்கும் தடுப்பூசிக்கு 2025-இல் அனுமதி கிடைத்தது பெரும் நிம்மதி. அந்த நோய் அவற்றைக் குருடாக்குகிறது, மலடாக்குகிறது. அதற்குத் தரப்படும் ஆன்டிபயாட்டிக் மருந்தோ குடலில் வாழும் நுண்ணுயிர்களையும் சேர்த்து அழிக்கிறது. யூகலிப்டஸ் இலையில் உள்ள, செரிக்கக் கடினமான டானின் என்ற பொருளைச் சிதைப்பவை அந்த நுண்ணுயிர்கள்தான். அவை போனால், நோய் தீர்ந்த கோலாவும் பசியால் மெலிந்து இறக்கக்கூடும்.

அந்த நுண்ணுயிர்களைக் குட்டி எப்படிப் பெறுகிறது தெரியுமா? ஏறக்குறைய ஆறு மாத வயதில், தாய் வெளியேற்றும் 'பாப்' என்ற குழைவான கழிவைத் தின்றுதான்! அருவருக்க ஒன்றுமில்லை, அதன் பிறகே இலை அதற்கு உணவாகிறது. வனவிலங்கு சிகிச்சை பற்றிய செய்திகளில் இந்தக் குடல் உயிர்களையும் தாங்கள் விரிவாக எழுத வேண்டும்.

- வாசகர், கோயம்புத்தூர்