மனத்துக்குக் காவல்

சுங்கை சிப்புட்,
பேராக்.

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

ஐயா, இங்கு அனைவரும் நலம். விடியற்காலையில் சிங்கப்பூருக்குப் போகும் ஜொகூர் பாலத்து நெரிசலில் நின்றபடி தேவாரம் சொல்லத் தொடங்கினால் இரண்டு வரிக்குள் கை தானாகக் கைப்பேசிக்குப் போய்விடுகிறது என்றும், நாம் சொல்வதை யார் கேட்கிறார்கள் என்ற ஐயமும் கூடவே எழுகிறது என்றும் எழுதியிருந்தாய். மறைக்காமல் என்னிடம் சொன்னதில் எனக்கு நிறைவே.

ஐயம் வந்ததனாலேயே பக்தி போய்விட்டதென்று எண்ணிவிடாதே. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பர் பெருமான் சைவக் குடியில் பிறந்து, சமணம் தழுவி, அங்கே தருமசேனர் என்று பெருமையோடு விளங்கியவர். சூலை என்னும் கொடிய வயிற்று நோயால் துடித்து அவர் திருவதிகைக்கு வந்தபோது, தம்பி திரும்ப வேண்டுமென்று இறைவனிடம் முறையிட்டுக்கொண்டே கோயிலைப் பெருக்கி மெழுகி வந்த தமக்கை திலகவதியார் அவரோடு வாதம் செய்யவில்லை. ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். அந்த அம்மையாரின் நம்பிக்கையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பின்னாளில் சுண்ணாம்பு சுடும் நீற்றறையில் 7 நாள் அடைபட்டும் அப்பர் கலங்காமல் பாடினார் என்பது பெரிய புராணம்.

நான் ரப்பர் தோட்டத்தில் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்த நாளில், வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும் என்பதால், இருட்டிலேயே தலைவிளக்கோடு மர வரிசையில் இறங்கிவிடுவோம். கத்தி சற்றே ஆழமாக இறங்கினாலும் மரம் காயப்பட்டு, புதிதாக வளரும் பட்டை முடிச்சு முடிச்சாகப் புடைத்து, பிறகு அந்த இடத்தில் ஒழுங்காகக் கோடு போட முடியாது. வீட்டுக் கவலை எவ்வளவு இருந்தாலும் கத்தி பட்டையில் பட்டதும் கண் அந்தக் கோட்டிலேயே நிற்கும்; கவலை போயிருக்காது, அதற்கு நாங்கள் செவி கொடுப்பதில்லை, அவ்வளவே. வழிபாட்டில் வரும் ஐயத்தையும் அப்படியே நடத்து.

ஆகையால் பாலம் வரும்வரை காத்திராமல், காலையில் கைப்பேசியைத் தொடுமுன் முகம் கழுவித் திருநீறு பூசி, ஒரே ஒரு பதிகத்தை வாய்விட்டுச் சொல். மனம் ஓடினால் விட்ட வரியிலிருந்தே தொடர். ஒவ்வொரு முறையும் முதலுக்குப் போனால் சலிப்புத் தட்டிவிடும். கேள்விகளை நான் தள்ளச் சொல்லவில்லை. அவற்றை எழுதி வைத்துக்கொண்டு, ஊருக்கு வரும்போது கோயில் ஓதுவாரிடம் பொறுமையாகக் கேள். பூசை நேரத்தில் மட்டும் அவற்றுக்கு இடம் கொடாதே.

அப்பர் திருவதிகையில் முதலில் பாடிய பதிகத்தின் 10 பாடல்களையும் பெரிய எழுத்தில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துப் படிக்க இனிக் கைப்பேசியைத் திறக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
அம்மா