செயலாளர் ஆண்டறிக்கை, 2024–2025

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நமது வரலாற்று ஆர்வலர் மன்றத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையை வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் பத்து நடந்தன. தேர்தலால் ஏப்ரல் கூட்டமும் மழையால் டிசம்பர் கூட்டமும் நடக்கவில்லை. பள்ளி மாணவர் கட்டுரைப் போட்டி ஆகஸ்டில் நடந்தது; பரிசுகளைத் துணைத்தலைவர் வழங்கினார். ஆதிச்சநல்லூர் பயணத்துக்கு 31 பேர் வந்தார்கள். பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த நம் பழைய பதிவேடுகளைக் காயவைத்துப் பைண்டிங் செய்யும் வேலை ஜூனில் முடிந்தது. ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரித்தபோதுதான் 1987ஆம் ஆண்டுப் பதிவேட்டில், அப்போதைய செயலாளர் கையெழுத்தில், இந்த நான்கு வரிகள் கண்ணில் பட்டன: “மேற்குச் சரிவில் வெள்ளைத்தாரை விழுந்த பாறை. அதன் அடியில் பொடவு. இச்சி மரம் அடையாளம். உள்ளே ஐந்து பேர் உட்காரலாம்.” பொடவு என்றால் பாறையடிக் குகை. குன்றின் பெயரும் இருந்தது. அதை நான் இந்த அறிக்கையில் எழுதவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தப் பொடவைத் தேடிப் போவதற்கு எதற்கு இவ்வளவு நேரமும் பணமும் என்று அக்டோபர் குழுக் கூட்டத்தில் கேட்கப்பட்டது. அன்று நேரமில்லாததால் முழுதாகப் பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

முதல் பயணம் ஜூலையில். வாட்ஸாப் குழுவில் 22 பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். காலை ஐந்தரைக்குப் பேருந்து நிலையத்துக்கு முன் நின்றவர்கள் ஐந்து பேர். 14 பேர் அமரும் வேனுக்கு வாடகை பேசியாகிவிட்டது, ஐந்து பேரோடு போனோம். மேற்குச் சரிவு முழுக்க உடைமுள். இச்சி மரம் எதையும் காணவில்லை. வெள்ளைத்தாரை விழுந்த பாறைகளோ ஒன்றல்ல, ஏழெட்டு இருந்தன. பாறை இடுக்கில் அடையும் பறவைகளின் எச்சம் வடிந்து காய்ந்த தடம்தான் அந்தத் தாரை. பறவை இடம் மாறினால் தாரையும் மாறும். 37 வருஷத்துக்கு முந்தைய தாரையை நம்பி மதியம் வரை அலைந்திருக்கிறோம். ஆடிக்காற்றில் கண்ணெல்லாம் மண்.

இரண்டாம் பயணம் செப்டம்பரில், நான்கு பேர். பாதிச் சரிவில் தலைக்கு மேல் மலைத்தேனீ அடை மூன்று தொங்கியதைப் பார்த்துத் திரும்பிவிட்டோம். பயந்து திரும்பியதாகப் பேசப்பட்டது. சென்ட் வாசனை தேனீயைக் கிளப்பிவிடும்; சட்டையில் சென்ட் அடித்திருந்த ஒருவரை அதற்குமேல் கூட்டிப்போக எனக்குத் தைரியமில்லை. மன்றத்தின் பெயரில் போன இடத்தில் ஒரு ஆளுக்கு ஏதாவது ஆனால் வீட்டாருக்கு யார் பதில் சொல்வது?

அப்புறம் யோசித்தேன், நாங்கள் தேடுவதே தப்பாக இருக்கலாம் என்று. கண்ணைப் பழக்கிக்கொள்ள ஜனவரியில் சீவலப்பேரிப் பக்கம் மறுகால்தலைக்குப் போனோம். குளம் நிறைந்து மறுகால் பாய்கிறது என்று நாம் அன்றாடம் சொல்லும் அதே மறுகால்தான் ஊர்ப் பெயரில் இருக்கிறது. சாஸ்தா கோயில் இருக்கும் அந்தக் குன்றில் இயற்கையான குகையும், சமணத் துறவிகள் படுக்க வெட்டியதாகச் சொல்லப்படும் கற்படுக்கைகளும் இருக்கின்றன. குகையின் நெற்றியில் தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்தில் (தமிழ்-பிராமி) ‘வெண்காஸிபன் கொடுபித கல் கஞ்சணம்’ என்று வெட்டியிருக்கிறார்கள். வெண்காசிபன் என்பவர் செய்துகொடுத்த கற்படுக்கை என்று பொருள். கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். குகைகளில் உள்ள இத்தகைய எழுத்துகளைத் தமிழ் என்று கல்வெட்டறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டினார். நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது. நம் உறுப்பினர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்ததில்லை என்பதில் எனக்கு வருத்தம்.

அங்கே இரண்டு விஷயம் கற்றோம். ஒன்று, எழுத்தின் மேல் சாக்பீஸ் தேய்க்கக் கூடாது; பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெளிச்சத்தில் தானே தெரியும். இரண்டு, இந்த மாதிரிக் கருங்கல் குன்றுகளில் குகை என்றால் ஆழமாகப் போகும் சுரங்கம் இல்லை. பாறை வெங்காயத் தோல் போல ஏடு ஏடாகக் கழன்று, கழன்ற ஏடு ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, நடுவில் விடும் இடைவெளிதான். ஆகவே வாசல் என்று ஒன்றைத் தேடாமல் சாய்ந்த பாறையைத் தேட வேண்டும்.

பிப்ரவரியில் மூன்றாம் பயணம். அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பதிவேட்டு வரிகளை வாசித்துக் காட்டினேன். இச்சி மரம் விழுந்து பல வருஷம் ஆயிற்று என்றார். “கீழ நின்னு அண்ணாந்து பாத்தா எப்படித் தெரியும் அண்ணாச்சி? உச்சிக்கு ஏறி, அந்தப் பக்கமா எறங்கி வாங்க. மழை வந்தா எங்க ஆடுக தானா போயி நிக்கிற எடம் அது.” அவரே முன்னால் நடந்தார். முதல் பயணத்தில் நாங்கள் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்ட பாறைக்கு நேர் மேலே, இருபதடி தூரத்தில் இருக்கிறது பொடவு. பெரிய பாறை ஏடு ஒன்று வாசலை மறைத்துச் சாய்ந்து நிற்பதால் கீழிருந்து ஒன்றும் தெரியாது.

வாசல் இரண்டடி உயரம். தவழ்ந்துதான் போக வேண்டும். முள்ளம்பன்றி முள் கிடந்ததால் முதலில் நீளக் கம்பை விட்டுத் தட்டிப் பார்த்தோம், டார்ச் அடித்துப் பாம்பு இல்லை என்று உறுதி செய்தோம், அப்புறம் ஒவ்வொருவராகப் போனோம். வௌவால் எச்சத்தின் தூசு நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தோம். உள்ளே 12 அடி நீளம், 7 அடி அகலம், குனிந்து நிற்கும் உயரம். வெளியே வெயில் கொளுத்தியது; உள்ளே பாறை குளுகுளுவென்று இருந்தது. பதிவேட்டில் சொன்னபடியே ஐந்து பேர் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஓரமாக, ஒரு ஆள் படுக்கும் அளவுக்குத் தரை வழவழவென்று தேய்ந்திருக்கிறது. நான் அதைக் கையால் தடவிப் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்னும் மூன்று பயணம் போகச் சொன்னாலும் போவேன்.

எழுத்து எதுவும் இல்லை. மழைநீர் உள்ளே வடியாமல் இருக்க நெற்றியில் வெட்டும் காடியும் இல்லை. ஆனால் அன்று மாலையே ‘சமணர் குகை கண்டுபிடிப்பு’ என்று நம் உறுப்பினர் ஒருவர் படம் போட்டுப் பரப்பிவிட்டார். வந்து பார்க்காதவர் அவர். உளியின் தடம் ஒன்றுகூட இல்லாத இடத்தை அப்படிச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது. தேய்ந்த தரை ஆட்டின் குளம்பாலும் தேய்ந்திருக்கலாம். குகை என்ற பேச்சு பரவினால் புதையல் தேடி மண்வெட்டியோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். குன்றின் கிழக்கே கல்குவாரியும் நெருங்கிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் குன்றின் பெயரை எழுதவில்லை. நேரில் கேட்கும் உறுப்பினருக்குச் சொல்வேன், கூட்டியும் போவேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தொடக்க இருப்பைவிட முடிவு இருப்பு கொஞ்சம் குறைவு. பொடவுக்கான மூன்று பயணங்களில் மன்றத்தின் பணம் இரண்டுக்குத்தான் செலவானது. செப்டம்பர் வேன் வாடகை நான் கொடுத்தது. அதைத் திரும்பக் கேட்கவில்லை, குழுக் கூட்டத்தில் எழுந்த கேள்விக்காகப் பதிவு செய்கிறேன். இருப்பு குறைந்ததற்கு உண்மைக் காரணம் சந்தா. 64 உறுப்பினர்களில் 27 பேர் 300 ரூபாய் ஆண்டுச் சந்தாவைக் கட்டவில்லை. அதில் ஒன்பது பேருக்கு இது மூன்றாவது ஆண்டு. மூன்று முறை நினைவூட்டினேன். வசதியில்லாதவர் யாராவது இருந்தால் என்னிடம் தனியாகச் சொல்லட்டும், தள்ளுபடி செய்யக் குழுவிடம் நானே பேசுகிறேன். பேசாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

கூட்ட அரங்கு தந்தவர்களுக்கும், பைண்டிங் கூலி வாங்க மறுத்தவருக்கும், மூன்று பயணத்திலும் உடன் வந்த மூவருக்கும், தலைவர் அவர்களுக்கும் நன்றி. வழிகாட்டிய அம்மாவைச் சந்தா இல்லாத கௌரவ உறுப்பினராகச் சேர்க்கத் தீர்மானம் கொண்டுவருகிறேன். அவர் கடைசியாகச் சொன்னதும் நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும்: “கேட்டு கீட்டு போட்டு அடைச்சிராதீங்க, மழைக்கு ஆடுக எங்க போகும்?”

வரும் ஆண்டு பொடவை டேப் வைத்து அளந்து வரைபடமும் படங்களும் தயார் செய்து, தொல்லியல் துறைக்கு முறையாக எழுத நினைக்கிறேன். குறைந்தது எட்டுப் பேர் வேண்டும். எனக்கு முழங்கால் வலி இருக்கிறது; அடுத்த ஆண்டும் நானே முன்னால் ஏற முடியுமா தெரியவில்லை, ஏறத் தெரிந்த இளையவர்கள் இப்போதே சேர்ந்தால் நல்லது. ஜூன் கடைசி ஞாயிறு, காலை ஐந்தரை, பேருந்து நிலையத்துக்கு முன். சென்ட் வேண்டாம், கறுப்புச் சட்டை வேண்டாம், தண்ணீர் இரண்டு பாட்டில். வேன் வாடகை பேச வேண்டியிருப்பதால் வருகிறவர்கள் மே மாதத்துக்குள் சந்தாவைக் கட்டிப் பெயர் கொடுங்கள்.

செயலாளர்