1967: கப்பலிலிருந்து பிபிசிக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

1967-இல் பிரிட்டிஷ் வானொலியில் நடந்தவை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் உரிமம் இல்லாமல் நடுக்கடலில் கப்பலை நிறுத்தி வானொலி நடத்திப் பாட்டுப் போட்டவர்களை விடுதலை வீரர்களாகவும், பிபிசியைப் பாட்டே பிடிக்காத வாத்தியாராகவும் காட்டியிருப்பது சரியில்லை.

பிபிசி ஒரு நாளில் இத்தனை மணி நேரம்தான் இசைத்தட்டுகளை ஒலிபரப்பலாம் என்று இசைத்தட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் இருந்தது. 'நீடில் டைம்' என்பார்கள். தட்டு சுழன்றால் வாத்தியக்காரர்களின் பிழைப்பு போய்விடும் என்று இசைக்கலைஞர் சங்கமும் விடாப்பிடியாக நின்றது. ஆகவே ஊரெல்லாம் முணுமுணுக்கும் பாட்டை பிபிசியின் சொந்த வாத்தியக் குழு வாசித்துக் காட்டும். பீட்டில்ஸைக் கேட்க உட்கார்ந்த பையனுக்கு வேறு யாரோ பாடியது கிடைத்தால் எரிச்சல் வராதா? 1964-இல் வந்த ரேடியோ கரோலைன், அப்புறம் வந்த ரேடியோ லண்டன் ஆகிய கப்பல் வானொலிகளுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. நாள் முழுக்கத் தட்டைப் போட்டார்கள், ஜெயித்தார்கள். இந்த ஒப்பந்தத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

இந்தக் கப்பல்களை மூட அரசு கொண்டுவந்த சட்டமும் சாமர்த்தியமானது. கப்பலுக்கு விளம்பரம் கொடுப்பதும் சாப்பாடு கொண்டுபோவதும்கூடக் குற்றம் என்று கரையிலிருந்தே கழுத்தைப் பிடித்தது. 1967 ஆகஸ்ட் 14 பிற்பகல் 3 மணிக்கு ரேடியோ லண்டன் வாயை மூடியது. கரோலைன் மட்டும் முரண்டு பிடித்தது. 1968 மார்ச்சில் அதன் கப்பல்களையும் பாக்கிப் பணத்துக்காக ஒரு டச்சு நிறுவனம் இழுத்துக்கொண்டு போனது.

1967 செப்டம்பர் 30 காலை 7 மணிக்கு பிபிசியின் புதிய பாப் இசை வானொலியான ரேடியோ 1-ஐத் தொடங்கிவைத்த அறிவிப்பாளர் டோனி பிளாக்பர்ன் இந்த இரண்டு கப்பல் வானொலிகளிலும் வேலை பார்த்தவர். நிகழ்ச்சிகளுக்கு நடுவே வரும் ஜிங்கிள் என்ற குட்டிப் பாட்டுகளைக்கூட, ரேடியோ லண்டனுக்குச் செய்து கொடுத்த அதே அமெரிக்க டல்லாஸ் நிறுவனத்திடம்தான் பிபிசி வாங்கியது. நீடில் டைம் மட்டும் போகவில்லை. அதனால்தான் புது ரேடியோ 1 பல மணி நேரம் பிபிசியின் இன்னொரு வானொலியான ரேடியோ 2-உடன் ஒரே நிகழ்ச்சியைப் பகிர்ந்துகொண்டது.

இன்னொரு வேடிக்கை. அன்று முதலில் முழுதாக ஒலித்தது 'த மூவ்' குழுவின் இசைத்தட்டு. அதன் விளம்பரத்துக்காகத் தன்னைக் கேலி செய்து அச்சிட்ட அஞ்சலட்டைக்காக பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்ட் வில்சன் வழக்குப் போட்டு ஜெயித்தார். அந்தப் பாட்டின் உரிமைத்தொகை அவர் கைகாட்டிய தொண்டு நிறுவனங்களுக்குப் போனது. கப்பல்களை மூட வைத்ததும் அவருடைய அரசுதான்!

நவம்பர் 8 அன்று இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிபிசியின் முதல் உள்ளூர் வானொலி தொடங்கியதைக் கட்டுரை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டது. வி.எச்.எஃப். (இன்றைய எஃப்.எம்.) அலைவரிசையில் மட்டும் வந்ததால், அதைப் பிடிக்கும் பெட்டி பலரிடம் இல்லாமல், தொடக்கத்தில் கேட்டவர்கள் குறைவு. ஆனால் 1970களில் தெற்காசியக் குடும்பங்களுக்கென்று அங்கே தொடங்கிய நிகழ்ச்சியிலிருந்துதான் பிபிசியின் தெற்காசிய வானொலியான ஏஷியன் நெட்வொர்க் வளர்ந்தது. அதைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று போடுங்கள்.

அன்புடன்,
வாசகர், திருநெல்வேலி