தேனீ கொட்டிய நாய்க்கு முதல் அரைமணி நேரம்

தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற பங்குனியில் எங்கள் ஊர் மேல்நிலை நீர்த்தொட்டியின் அடியில் கட்டியிருந்த மலைத்தேன் கூடு கலைந்தபோது, தோட்டக் காவலுக்கு நாங்கள் வளர்த்த ஆறு வயதுக் கன்னி இன நாய் அதில் அகப்பட்டுக்கொண்டது. முகத்திலும் காதுமடலிலும் ஏழெட்டுக் கொட்டுகள்தான். வழக்கப்படி கொட்டுவாயில் சுண்ணாம்பு தடவினோம். அது நக்கியதில் நாக்கும் வெந்தது. முகம் பெரிதாக வீங்காததால் பயமில்லை என்றே நினைத்தோம். கால்மணி நேரத்துக்குள் நுரையாக வாந்தி எடுத்து, நின்ற இடத்திலேயே கழிந்து, பின்னங்கால்கள் மடிய வேலியோரம் சரிந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன்; ஈறு வெள்ளைத்துணி போல வெளுத்திருந்தது. சேராத எதையோ தின்றிருக்கும் என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு மோர் கரைத்துக்கொண்டிருந்தோம். மருந்தகத்துக்குக் கொண்டு சேர்த்தபோது உயிர் இல்லை.

அந்த வாந்திதான் அபாய அறிகுறி என்பதைப் பிறகுதான் அறிந்துகொண்டேன். கடும் ஒவ்வாமை மனிதருக்குப் பெரும்பாலும் தோல் தடிப்பாகவும் மூச்சுத்திணறலாகவும் வெளிப்படும்; நாய்களிலோ அது கல்லீரலையும் குடலையும் முதன்மையாகத் தாக்குவதால், வீக்கமே இல்லாமல் வாந்தியும் கழிச்சலும் கண்டு, இரத்த அழுத்தம் சரிந்து, நாய் சுருண்டு விழுந்துவிடக்கூடும். அந்நிலையில் காப்பாற்றக்கூடிய முதல் மருந்து அட்ரினலின் ஊசி. அதை மருத்துவரே போட வேண்டும் என்பதால், வளர்ப்பவர் செய்யக்கூடிய பேருதவி அறிகுறியை அடையாளம் கண்டு உடனே வண்டியேற்றுவதுதான்.

அதற்கு முன்பு செய்ய வேண்டியவையும் எளியவையே. கொட்டிய தேனீயின் வாசனை மற்றத் தேனீக்களையும் இழுக்கும்; ஆகவே முதலில் நாயை அவ்விடத்தைவிட்டு அகற்ற வேண்டும். தேனீயின் கொடுக்கு நஞ்சுப்பையோடு தோலில் தங்கி, அரை நிமிடத்துக்குள்ளேயே பெரும்பகுதி நஞ்சை இறக்கிவிடும் என்பதால், நகத்தாலோ அட்டையின் ஓரத்தாலோ எப்படியாவது விரைந்து வழித்தெடுப்பதே முக்கியம். குளவியும் கதண்டும் கொடுக்கை விட்டுச்செல்வதில்லை. திரும்பத் திரும்பக் கொட்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் ஒற்றலாம். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டியிருந்தால் வீக்கம் மூச்சை அடைத்துவிடும். அந்நிலையில் காத்திருக்கவே கூடாது. சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் தோலுக்கடியில் இறங்கிவிட்ட நஞ்சை முறிப்பதில்லை, நக்கும் நாயின் வாயைத்தான் புண்ணாக்கும். வலிக்கிறதே என்று பாரசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ கொடுப்பது இன்னொரு நஞ்சை ஊட்டுவதாகும். பல கொட்டுகள் பட்ட நாய் அன்று தேறிவிட்டாலும், சிறுநீர் காப்பி நிறமாகிறதா என்று இரண்டு மூன்று நாள்களுக்குக் கவனிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதாவது அப்போதுதான் தெரியவரும்.

இவை எல்லாம் கால்நடை மருத்துவர்களுக்குத் தெரிந்தவை. தோட்டத்தில் நாய் வளர்க்கும் எங்களுக்குத்தான் எவரும் சொன்னதில்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாமுக்கு வரிசையில் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது இரண்டு நிமிடம் சொன்னால் போதும். பல்லீறு வெளுத்திருக்கிறதா என்று பார்க்கும் முறையை அங்கேயே செய்து காட்டலாம். நல்ல நிலையில் இளஞ்சிவப்பாக இருக்கும் ஈற்றை விரலால் அழுத்திவிட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பிவிடும். ஒவ்வொரு கால்நடை மருந்தகத்தின் வாசலிலும் இந்த முதலுதவியைத் தமிழில் எழுதிவைக்கவும், அட்ரினலின் எப்போதும் இருப்பில் உள்ளதா என உறுதிசெய்யவும், கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 என்ற தொலைபேசி எண்ணில் அழைப்பை ஏற்பவர்கள் வண்டி வரும்வரை செய்ய வேண்டியதைச் சொல்லும்படி பயிற்றுவிக்கவும் வேண்டுகிறேன். இவற்றுள் ஒன்றுதான் இயலும் என்றால், வாசல் பலகையை முதலில் வையுங்கள்.

எங்கள் நீர்த்தொட்டியின் அடியில் தேனீக்கள் மறுபடியும் அடை கட்டத் தொடங்கியிருக்கின்றன. கீழே இப்போது ஒரு குட்டி நாய் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
தோட்டத்தில் நாய் வளர்க்கும் விவசாயி ஒருவர்